கோபுரம் சாயாம நிக்கணுமா? 35 எம்எம்-லேருந்து 4×5-க்கு

வணக்கம் மக்களே, எல்லாரும் பசியாறிட்டீங்களா? நான் இப்ப பினாங்கு குயின் ஸ்ட்ரீட்ல, மாரியம்மன் கோயிலுக்கு எதிர்த்த அஞ்சடியில, அதாவது கடை முன்னால இருக்கிற கூரை போட்ட நடைபாதையில நிக்கிறேன். 1833-லேருந்து இருக்கிற கோயில். 35 எம்எம், மீடியம் ஃபார்மட்னு எடுத்துக்கிட்டிருக்கிறவங்க எதுக்காக இந்த 4×5 பெட்டிக்கு, அதாவது 4×5 அங்குல ஃபிலிமைத் தாள் தாளா மாட்டி எடுக்கிற பெரிய கேமராவுக்கு வரணும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

எல்லாரும் முதல்ல சொல்றது ஃபிலிம் சைஸ். உண்மைதான். 35 எம்எம் ஃபிரேம் 24-க்கு 36 மில்லிமீட்டர். 4×5 அங்குலத் தாள்ல படம் விழற பரப்பு அதைவிட சுமார் 13 மடங்கு. ஆனா அதுக்காக மட்டும்னா 6×7 சென்டிமீட்டர் மீடியம் ஃபார்மட்டே போதும்னுதான் நான் சொல்வேன். என்னை இதுல பிடிச்சு வெச்சிருக்கிறது வேற. அந்தக் கோபுரத்தைப் பாருங்க.

ரோடு குறுகல், பின்னால போக இடமில்ல. சின்ன கேமராவுல உச்சி வரணும்னா அண்ணாந்து பிடிக்கணும். பிடிச்சதும் ரெண்டு பக்கக் கோடும் உள்ள சாஞ்சு, கோபுரமே மல்லாக்க விழப்போற மாதிரி ஆயிடும். கேமராவோட சேர்ந்து ஃபிலிமும் சாயுதில்ல, அதனாலதான். ஃபிலிம் செங்குத்தா நின்னா கோபுரமும் செங்குத்தா நிக்கும். இதுல என்ன பண்றோம்னா, பின்பக்கத்தை ரசமட்டம் பார்த்து நிமிர்த்தி நிறுத்திட்டு, லென்ஸ் மாட்டியிருக்கிற முன்பலகையை மட்டும் மேல தூக்குறோம். இதுக்குப் பேரு ரைஸ். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா, பின்னால இருக்கிற மங்கல் கண்ணாடியில, அதாவது கிரவுண்ட் கிளாஸ்ல, கோயில் தலைகீழா, இடவலம் மாறித் தெரியும். பலகை ஏற ஏற ரோட்டுத் தார் வெளிய போகுது, உச்சிக் கலசம் உள்ள வருது. ஒரு கோடுகூட சாயல. இதை முதல் தடவை பார்க்கிறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதை நீங்க பார்த்தே தெரிஞ்சுக்கணும்!

எவ்வளவு தூக்கலாம்ங்கிறது லென்ஸைப் பொறுத்தது. லென்ஸ் படத்தை வட்டமா வீசும். 4×5 தாள்ல படம் விழற பரப்பு, மூலைக்கு மூலை 150 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நல்ல 150 எம்எம் லென்ஸ், துளையை எஃப்/22-க்குச் சின்னதாக்கினா 210 மில்லிமீட்டர் வட்டம் கொடுக்கும். மிச்சம் இருக்கிற இடத்துலதான் நம்ம ஆட்டம். அதனால லென்ஸ் வாங்கறப்ப விலைக்கு முன்னாடி வட்டத்தைக் கேளுங்க.

இன்னொண்ணு டில்ட். இந்த அஞ்சடித் தரை ஓடு, காலடியிலேருந்து கடைசிக் கடை வரைக்கும் தெளிவா விழணும்னா லென்ஸை முன்பக்கமா லேசா சாய்ச்சா போதும். லென்ஸ் தளம், ஃபிலிம் தளம், தரை மூணும் ஒரே கோட்டுல சந்திக்கணும். 1904-ல காப்புரிமை வாங்கின ஆஸ்திரியக்காரர் ஷைம்ப்ஃப்ளூக் பேர்லதான் இன்னைக்கும் இந்த விதியைச் சொல்றாங்க.

அப்புறம், ஒவ்வொரு தாளையும் தனியா கழுவலாம். வெளிய சுடுவெயில், அஞ்சடிக்குள்ள இருட்டுன்னா அந்த ஒரு தாளுக்கு மட்டும் டெவலப்பர் நேரத்தைக் குறைச்சு வெளிச்சப் பகுதியைக் காப்பாத்தலாம். 36 ஃபிரேம் ரோல்ல அது நடக்காது.

விலை? ஒரு தாள் காசுல மாமாக் கடையில ஒரு வேளை சாப்பிடலாம். அதை மறைக்க மாட்டேன். ஃபிலிம் தாளை மாட்டி கேமராவுல சொருகுற சட்டத்துக்குப் பேரு ஹோல்டர், ஒரு ஹோல்டருக்கு ரெண்டே தாள். இருட்டுல மாட்டறப்ப, தாளை நெட்டுவாக்குல பிடிச்சு, ஓரத்து வெட்டு வலது மேல் மூலையில விரல்ல தட்டுப்பட்டா வெளிச்சம் பதியற மருந்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்குன்னு அர்த்தம். நம்ம ஊர்ப் புழுக்கத்துல கை வேர்த்துச்சுன்னா தாள்ல கறை விழும், அதனால ஏர்கோன் ரூம்ல மாட்டுங்க.

பழைய கேமரா வாங்கறவங்க, இருட்டு ரூம்ல பெல்லோஸுக்குள்ள, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல இருக்கிற மடிப்புத் துருத்திக்குள்ள, டார்ச் விட்டு மடிப்பு மூலை ஒவ்வொண்ணா பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் வந்தாலும் படம் புகைமூட்டமா ஆயிடும். ஷட்டரை ஒரு செகண்ட்ல வெச்சு, தடங்கல் இல்லாம ஓடுதான்னு காது கொடுங்க. லென்ஸுக்குள்ள பூஞ்சை இருக்கான்னும் பார்த்துக்குங்க, வீட்டுல ஈரம் புகாத அலமாரி, டிரை கேபினட், அவசியம். எந்த லென்ஸ் வாங்கப் பார்க்கிறீங்கன்னு கீழ எழுதுங்க, அதோட வட்டம் எவ்வளவுன்னு தேடிச் சொல்றேன்.