பிற்பாட்டுக்காரர்கள்

வணக்கம் நேயர்களே.

உங்களைக் கவர்ந்த கலைஞர்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், என் மனதில் நிற்பவர்களில் அரைவாசிப் பேரின் பெயர் எந்த அழைப்பிதழிலும் அச்சாகியிருக்காது. கூத்தில் பிற்பாட்டுப் பாடியவர், மேளக் குழுவில் ஒத்து ஊதியவர், புராணப் படிப்பில் பயன் சொன்னவர் என்று அந்த வரிசை போகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு. நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். தனிக் கச்சேரி செய்து பேர் வாங்கிய ஆள் இல்லை. மற்றவர்கள் பாடும்போது பின்னால் இருந்து தம்புரா மீட்டிய ஆள். அங்கே இருந்தால் பாடுபவரின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனால் எங்கே மூச்செடுக்கிறார், எந்தச் சங்கதிக்கு முன்னால் தோள் இறுகுகிறது என்பதெல்லாம் முன்வரிசைக் கதிரையில் இருப்பவர்களை விட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூத்திலிருந்தே தொடங்குகிறேன். நமது கிழக்கிலங்கையில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகைக் கூத்து உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வடமோடியில் பெரும்பாலும் போர்க்கதை. அரசனாக வருபவர் கூடை போல் விரிந்த கரப்புடுப்பு உடுத்தி, தலையில் கிரீடம் வைத்து, காலில் சதங்கை கட்டியிருப்பார். அந்தப் பாரத்தோடு ஆட வேண்டும், ஆடியபடியே பாடவும் வேண்டும், அதுவும் விடிய விடிய. எந்த மனிதனுக்கும் மூச்சு இதற்குக் காணாது. அங்கேதான் பிற்பாட்டு வருகிறது. கூத்தர் ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாடி நிறுத்துவார். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரோடு நிற்பவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். மத்தளமும் சல்லரி என்ற தாளமும் அதற்குள் ஏறும். அந்த இடைவெளியில்தான் கூத்தர் களரியை, அதாவது ஆடுகளத்தை, சுற்றி ஆடுகிறார். சபை பார்த்து வியக்கிற ஆட்டம் முழுவதும் இன்னொருவருடைய குரலின் மேல்தான் நடக்கிறது.

மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் சின்ன வயதில் பார்த்த பிற்பாட்டுக்காரர் ஒருவர் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். மெலிந்த மனிதர், தோளில் ஒரு துவாய். குரலில் அப்படியொன்றும் இனிமை கிடையாது. கொஞ்சம் கரகரப்பு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கூத்தர் எந்தச் சுருதியில் விட்டாரோ அதே இடத்தில் பிடிப்பார். கூத்தர் களைத்துச் சுருதி இறங்கினால் இவரும் அந்த அளவுக்கு இறங்கிப் பிடித்து, இரண்டாவது தடவை பாடும்போது மெல்ல மேலே ஏற்றிவிடுவார். அடுத்த அடியைக் கூத்தர் சரியான சுருதியில் எடுப்பார். சபைக்கு ஒன்றும் தெரியாது. நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு பெடியன் பாட்டை மறந்து முழித்தான். ஏடு பார்ப்பவர் எடுத்துக் கொடுப்பதற்குள் இவர் முந்திய அடியையே இன்னொரு முறை பாடினார், ஏதோ அந்த இடத்தில் அப்படிப் பாடுவதுதான் வழக்கம் என்பது போல. பெடியனுக்கு அதற்குள் பாட்டு வந்துவிட்டது. பிறகு நான் எத்தனையோ பெரிய வித்துவான்களைக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்துச் சாதுரியத்தை அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

இன்றைக்கு ஒலிவாங்கி வந்த பிறகு இதில் ஒரு சிக்கல். கூத்தரின் கழுத்தில் ஒரு ஒலிவாங்கியை மாட்டிவிடுகிறார்கள். பிற்பாட்டுக்காரர்கள் நாலைந்து பேருக்கும் சேர்த்து ஒன்று, அதுவும் மத்தளத்துக்குப் பக்கத்தில். கூத்தர் பாடுவது ஊருக்கே கேட்கிறது, திருப்பிப் பாடுவது கேட்பதில்லை. அப்போது ஆட்டம் மட்டும் தனியாக, காரணமில்லாமல் நடப்பது போல இருக்கும். இதை ஒழுங்கமைப்பாளர்களிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள்.

கூத்தைப் பற்றிப் பேசும்போது பேராசிரியர் சு. வித்தியானந்தனை விட்டுவிட முடியாது. அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார். 1964இல் வந்த இராவணேசன் என்ற கூத்தில் சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். திருகோணமலைக்காரர்களான நமக்கு இராவணன் என்றால் தனிப் பாசம். கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்று பாறைப் பிளவு ஒன்றையே அவன் பேரில் வைத்திருக்கிறோம். பிற்காலத்தில் மீண்டும் மேடையேறியபோதும் அந்தப் படைப்பை ரசிகர்கள் கொண்டாடினார்கள், சரிதான். எனக்கு ஒரே ஒரு குறை. சபை சுற்றிவர இருக்கும் வட்டக்களரியில் பாட்டு நம்மைச் சுற்றி வரும். முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் அது ஒரு பக்கத்திலிருந்து வரும் சத்தமாகிவிடுகிறது. சுருக்கியதால் வந்த குறை இல்லை இது. மேடை மாறியதால் வந்தது.

இன்னொரு சோடி, புராண படனம். சிவன் கோவிலிலோ பிள்ளையார் கோவிலிலோ கந்தபுராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். வாசிப்பவர் பாட்டைப் பிரித்து நிறுத்துகிற இடத்தில் பயன் சொல்பவர் தொடங்க வேண்டும். நல்ல சோடி அமைந்தால் இரண்டு குரலும் ஒரே மனிதர் யோசிப்பது போல இருக்கும். அமையாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கிற கிழவிகள் கொட்டாவி விடுவார்கள். அதைவிடக் கடுமையான விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

இந்தப் பின்வரிசைக்காரர்களுக்கு ஒரு குலதெய்வம் இருந்தால் அது திருநீலகண்ட யாழ்ப்பாணர்தான். ஞானசம்பந்தரின் பாட்டை யாழில் வாசித்தபடி கடைசிவரை கூடவே போனவர், மனைவி மதங்கசூளாமணியாரோடு. பெரியபுராணத்தில் அவருடைய ஒரு கதை வருகிறது. தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், "சம்பந்தரின் பாட்டுக்குப் பெருமை நீர் யாழில் வாசிப்பதால்தான்" என்று பேசிவிட்டார்கள். பாணருக்கு மனம் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடி இவர்களுக்கு உண்மையைக் காட்டும்படி தானே சம்பந்தரிடம் கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழில் வரவில்லை. பாணர் யாழை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார்.

யாழ் தோற்றது என்றுதான் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. தன் தோல்வியைத் தானே கேட்டு வாங்கிய ஒரு பக்கவாத்தியக்காரரை வேறெங்கே பார்க்கலாம்? அந்தப் பாட்டு யாழுக்குள் வராது என்று சபைக்கு நிரூபிக்கக்கூட, அதை வாசித்துப் பார்க்கிற ஒரு வித்துவான் தேவைப்பட்டார்.

நம்முடைய கோணமலைப் பதிகத்தையும் சம்பந்தர் இராமேஸ்வரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது வரலாறு. அப்படியானால் பாணரும் அங்கே இருந்திருப்பார். இந்த மலையை நோக்கி முதலில் மீட்டப்பட்டது அவருடைய யாழாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று அந்தப் பதிகத்தில் வரும். பண் புறநீர்மை, பூபாளத்தில் பாடுவோம். பூபாளம் விடியற்காலை இராகம். மலை உச்சியில், கோவிலுக்கு வெளியே நின்று அதைப் பாடிப் பாருங்கள். சோழகக் காற்றுக் காலத்தில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. அங்கே தம்புராவும் உதவாது. எங்கள் பிள்ளைகள் அங்கே பாடும்போது நான் சொல்லிக்கொடுத்த உபாயம் ஒன்றுதான். நெருங்கி நில்லுங்கள், பக்கத்தில் நிற்பவரின் குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது வீதியெல்லாம் மேளம் கேட்கும். நாதஸ்வரத்தையும் தவிலையும் எல்லோரும் பார்ப்பார்கள். ஒத்து ஊதுபவர் ஒரே ஒரு சுரத்தை மணிக்கணக்காக விடாமல் பிடித்துக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சுருதிப் பெட்டி. பெட்டியை நான் குறை சொல்லமாட்டேன். கன்னம் வீங்க ஊதி ஊதி ஒரு மனிதனின் ஆயுள் போவதைவிட அது எவ்வளவோ மேல். சொல்லப்போனால் என் தம்புராவின் இடத்தையும் இப்போது ஒரு கைத்தொலைபேசி பிடித்துவிட்டது, சுருதியும் பிசகுவதில்லை.

பக்கவாத்தியம் என்றால் அடங்கித்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டமில்லை. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் வாழ்ந்த வி. தட்சணாமூர்த்தியின் தவிலை நான் ஒலிநாடாவில்தான் கேட்டேன். 1933இல் பிறந்து 1975இலேயே மறைந்துவிட்ட மனிதர். என் தகப்பனார் நேரில் கேட்டவர். தவிலுக்காகத் திருவிழாவுக்குப் போனோம், நாதஸ்வரம் யார் என்று வீட்டுக்கு வந்துதான் விசாரித்தோம் என்பார். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த நாடாவைக் கேட்டால் அப்படி நடந்திருக்கும் என்று நம்பத் தோன்றும்.

சரி, கவிதைக்கு வருகிறேன். சு. வில்வரத்தினம் புங்குடுதீவில் பிறந்தவர், பல காலம் நம்மூரில் வாழ்ந்தவர். தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்து ஊர் வெறிச்சோடிப் போனதை அவர் எழுதிய காற்றுவெளிக் கிராமம் 1995இல் வந்தது. அந்தப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்தால் அது பாடுவதற்கென்றே எழுதப்பட்டதோ என்று தோன்றும். காரணம் இருக்கிறது, அவர் பாடுகிற கவிஞர். கவியரங்கில் நம்மவர்கள் ஒரே அடியை மூன்று தரம் முழங்கிக் கைதட்டு வாங்குவார்கள். அந்த வித்தை இவரிடம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு பாடுவார், அவ்வளவுதான். தன் கவிதையோடு நிற்காமல் மற்றவர்களுடைய கவிதைகளையும் அதே ஈடுபாட்டோடு பாடுவார். இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கவிஞர்கள் பொதுவாக மற்றவர் கவிதைக்குத் தலையை ஆட்டுவார்கள், குரலைக் கொடுக்கமாட்டார்கள். இன்னொருவர் எழுதியதைத் தன் தொண்டையில் ஏற்றிச் சபைக்குக் கொடுப்பது பிற்பாட்டுக்காரரின் வேலை. நல்ல கவிஞர் ஒருவர் அந்த வேலையை மனதார ஏற்றுக்கொண்டார். 2006 டிசம்பரில் அவர் போய்விட்டார். அவரை நேரில் கேட்டவர்கள் அவருடைய வரிகளைச் சொல்லும்போது பேச்சு நடையில் தொடங்கி, தங்களை அறியாமல் பாட்டுக்கு மாறுவதைக் கவனித்திருக்கிறேன். குரல் நன்றாக இல்லாதவர்கள்கூட.

நேரெதிரான ஒருவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான். 1939இல் திருகோணமலையில் பிறந்த சிவராமலிங்கம், தருமு சிவராம் என்றும் பிரமிள் என்றும் தமிழ் உலகம் அறிந்தவர். இருபது வயதை ஒட்டியே இங்கிருந்து சென்னையில் வெளிவந்த 'எழுத்து' பத்திரிகைக்குக் கவிதையும் கட்டுரையும் அனுப்பத் தொடங்கியவர். பிறகு தமிழ்நாட்டுக்கே போனார், 1997இல் அங்கேயே காலமானார். சிறகிலிருந்து பிரிந்த ஒற்றை இறகைப் பற்றிய அவருடைய சின்னஞ்சிறு கவிதையை வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைப் பாட முடியாது. நான் முயன்றேன், மாணவிகளைக் கொண்டு மெட்டுப் போடவும் பார்த்தேன். எந்த இராகத்தை வைத்தாலும் கூடுதலாகத்தான் இருக்கிறது. யாருடைய துணையும் வேண்டாத கவிதை அது. மனிதரும் அப்படித்தான் வாழ்ந்தார், கூட இருந்தவர்களோடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு. நம்மூரில் அவரை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு மனவருத்தம். பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டால் பாரதியாரைச் சொல்வார்கள், இவரைத் தெரியாது.

கடைசியாகக் கொஞ்சம் ஆட்டம் பாட்டம். பாலையூற்றுப் பக்கம் போர்த்துக்கேய வழிவந்த நம்முடைய பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் மூத்தவர்கள் போர்த்துக்கேய மொழியின் நாட்டு வடிவம் ஒன்றை இன்னும் பேசுகிறார்கள். கலியாண வீடுகளில் கப்பிரிஞ்ஞா ஆடுவார்கள். வயலின், ரபான் என்ற கைப்பறை இரண்டும் இருந்தால் போதும். நமது கணக்கில் சொன்னால் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்குள் துள்ளுகிற தாளம். இலங்கையின் பைலா ஆட்டப்பாட்டுக்கு மூலம் இதுதான். பாட்டின் மொழி எனக்கு விளங்காது, ஆனாலும் ரபான் அடிப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆடுபவர்களின் பாதத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். இளசுகள் ஆடினால் விரைவாக்குவார், வயது போனவர்கள் சோடியாக இறங்கினால் யாரும் கேளாமலே தளர்த்துவார். அண்மையில் ஒரு கலியாணத்தில் கீபோர்டில் தாளத்தைப் போட்டுவிட்டார்கள். எழுபது தாண்டிய அம்மா ஒருவர் பாதி ஆட்டத்தில் நின்று, "இதை யாராவது கொஞ்சம் மெதுவாக்குங்கோ" என்று கத்தினார். கீபோர்ட்காரப் பெடியனுக்கு அந்தப் பொத்தான் எது என்று தெரியவில்லை. ரபான் அடிப்பவர் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு அந்த அம்மா வெகுநேரம் ஆடினார்.

நேரம் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.