உறைந்த ஏரியில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

வணக்கம். மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நின்று பேசுகிறேன். 1842-இல் இதைக் கட்டியது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்து வைக்கத்தான். மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டியெடுத்த பாளங்கள் அவை. இந்தப் பகுதியை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். அதுபோன்ற ஏரிகளின் மேல் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் நடக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் படிக்கிறவர்கள், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றவர்களுக்கும்தான் இந்த வீடியோ.

புதிதாக உறைந்த, தெளிவான ஐஸ் குறைந்தது 4 அங்குலக் கனம் இருந்தால்தான் அதன்மேல் நடக்கலாம் என்கிறது மினசோட்டா இயற்கை வளத் துறை. வெளுத்த ஐஸுக்கு ஏறக்குறைய பாதி வலுதான். இரு மடங்கு கனம் வேண்டும். ஓடை வந்து சேரும் இடம், பாலத்தின் அடி, ஊற்றுக்கண் இங்கெல்லாம் ஐஸ் மெலிந்திருக்கும். மேலே பனி மூடிவிட்டால் குளிர் கீழே இறங்காது, ஐஸ் தடிக்காது. ஆகவே முன்னால் போனவரின் காலடித் தடத்தை நம்பாதீர்கள். கடப்பாரையால் குத்திப் பார்த்து, துளையிட்டு அளந்து போங்கள்.

"எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், காசிமேட்டுக்காரன்" என்றார் ஒரு தம்பி. தம்பி, நம் கடல் வேறு. உறைநீரில் விழுந்ததும் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். தலை மூழ்கியிருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. மூச்சு வசப்பட 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் மேலே ஏற முண்டாதீர்கள், மூச்சைச் சீராக்குங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அது தலையைத் தாங்கிக்கொள்ளும்.

பிறகு வந்த திசைக்கே திரும்புங்கள். அதுவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. காலை உதைத்து உடம்பைக் கிடையாக்கி, கைப்பிடி வைத்த இரண்டு கூர்முனைகளை ஐஸில் குத்தி இழுத்து ஏறுங்கள். அவை பையில் அல்ல, கழுத்தில் தொங்க வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். நண்பர் விழுந்தால் அருகே ஓடாதீர்கள். அவசர உதவி எண் 911-ஐ அழைத்துவிட்டு, தள்ளி நின்று கயிற்றை எறியுங்கள்.

கூடாரத்துக்குள் ஹீட்டர் வைத்தால் காற்று வந்து போக வழி விடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, அதைக் காட்டிக்கொடுக்கும் அலாரமும் வேண்டும்.

அம்மா, அப்பா, போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்கும்போது, எந்த ஏரி, யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். குளிர்காலத்தில் டொராண்டோவில் மாலை 5 மணி என்றால் நமக்கு அதிகாலை 3.30. பிள்ளை திரும்பியாயிற்றா என்று கேட்க அலாரம் வைத்து எழுந்திருங்கள். கூடத் தங்கியிருக்கும் பிள்ளையின் எண்ணையும் இன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.