கொங்கு நாட்டுக்கு வந்தால் என்ன கேட்டுச் சாப்பிடுவது?

(தொடக்கக் காட்சி: கோவை ரயில் நிலைய வாசல், காலை நேரம். குரல் மட்டும்.)

வணக்கம்ங்க. கோயம்புத்தூருக்கு ரெண்டு நாள் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல கொங்குநாட்டு ஹோட்டல் ஒன்று சொல்லுங்க" என்பதுதான். பெயர் சொல்வது சுலபம். ஆனால் அந்த ஹோட்டலுக்கே போய் பட்டர் நானும் சில்லி சிக்கனும் சாப்பிட்டுவிட்டு, "கொங்குச் சாப்பாட்டில் பெரிசாக ஒன்றும் இல்லையே" என்று கிளம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் இந்த வீடியோவில் கடைப் பெயர்கள் கொஞ்சம்தான் வரும். உட்கார்ந்ததும் என்ன கேட்பது, எந்த நேரத்துக்குப் போவது, இலையில் எதைக் கவனிப்பது என்பதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

(காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலை தூரத்தில் தெரிய, காய்ந்த மேட்டுக்காடு.)

முதலில் மண்ணைப் பார்த்துவிடலாம். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுகிறது. கோவைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மி.மீ. மழைதான். வாய்க்கால் பாசனம் எட்டாத இடமெல்லாம் மேட்டுக்காடு. அங்கே விளைந்தது கம்பு, சோளம், ராகி, கொள்ளு, துவரை, நிலக்கடலை, எள். ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் ஓரமாக மஞ்சள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொள்ளாச்சிப் பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் தென்னை. இதை வைத்துக்கொண்டு சமைக்கிற ஊரில் பட்டை, கிராம்பு அள்ளிப் போடும் பழக்கம் வளரவில்லை. பருப்பு, சின்ன வெங்காயம், வரமிளகாய், மஞ்சள், தேங்காய், இவ்வளவுதான் அடித்தளம். மசாலா குறைவு, அன்றைக்கு அரைத்தது அன்றைக்கு. இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மெனு கார்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

சரி, காலைச் சாப்பாட்டுக்குப் போவோம்.

(காட்சி: எவர்சில்வர் கிண்ணத்தில் சாம்பார் வடை, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம்.)

கோவையில் காலை என்றால் பலரும் கை காட்டுவது அன்னபூர்ணா. 1960களில் தொடங்கி, இன்று நகரம் முழுக்கக் கிளை உள்ள சைவ ஹோட்டல். இட்லி, தோசை எங்கேயும் கிடைக்கும், இங்கே சாம்பாருக்காகப் போகணும். சாம்பாரில் முங்கிய வடையைக் கேளுங்கள். வடை ஊறி, ஸ்பூன் பட்டதும் உடையும், ஆனால் கரைந்து போகாது. ஊர்க்காரர்களைக் கேட்டால் இந்தச் சுவைக்குச் சிறுவாணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். அதை வாதாடி ஜெயிக்க முடியாது, ஒரு டம்ளர் தண்ணீரும் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

ஆனால் சாம்பாரோடு காலையை முடித்துக்கொள்ளாதீர்கள். சந்தகை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டுச் சமையல் என்று போர்டு வைத்த சின்ன மெஸ்களில், அதிலும் சனி ஞாயிறு காலையில், கிடைக்க வாய்ப்பு அதிகம். இடியாப்பம் மாதிரி இருக்கிறதே என்று கடந்து போய்விடக் கூடாது. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்து வேகவைப்பார்கள். சந்தகைக்கு ஊறவைத்த அரிசியை அரைத்து, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிவார்கள். ஆறிவிட்டால் அச்சில் இறங்காது, கை வலிதான் மிச்சம். அதனால்தான் பெரிய ஹோட்டல்கள் இதைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. முதல் பிடி தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு, அடுத்த பிடி கோழிக்குழம்பு விட்டு. இதில் எது மேல் என்று எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் முடிவாகவில்லை.

(காட்சி: மதியம், மெஸ். இலை விரித்து, தண்ணீர் தெளிக்கும் கை.)

இப்போது மதியம். என் கணக்கில் பயணத்தின் முக்கியமான வேளை இதுதான். ரெண்டு நாள் வந்தால் ரெண்டு மதியம். அதில் ஒன்றைக்கூட மாலில் இருக்கும் உணவுக்கூடத்தில் செலவு பண்ண வேண்டாம்.

கோவை பீளமேட்டில் தொடங்கிய ஹரிபவனம், 1960-ல் ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா, இவையெல்லாம் பெயர் பெற்ற இடங்கள். குடும்பத்தோடு ஏசியில் உட்கார்ந்து சாப்பிட வசதி. அது இல்லாமல், பத்துப் பன்னிரண்டு மேசை மட்டும் போட்ட மெஸ்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. எதுவானாலும் நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உட்கார்ந்ததும் இலை. சாதம் வருவதற்கு முன்னால் ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து, "என்னங்க வைக்கட்டும்?" என்பார். சுக்கா, ஈரல், மூளை, குடல், ரத்தப் பொரியல், நாட்டுக்கோழி வறுவல், முட்டை. எல்லாம் தனிக்காசு. சாப்பாட்டு விலையில் இது சேராது. தயங்காமல் விலை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாலு பேர் போனால் ஆளுக்கொன்று சொல்லாதீர்கள், ரெண்டு கிண்ணம் வாங்கி நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இடம் விட வேண்டியது குழம்புக்கு.

(அருகில் காட்டும் காட்சி: சாதத்தின் மேல் குழம்பு ஊற்றுவது. மெதுவாக.)

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். குழம்பு தண்ணியாக இருக்கிறது. சாதத்தில் விட்டதும் இலை ஓரத்துக்கு ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் பலர் இதைப் பார்த்ததும் "தண்ணி ஊத்திட்டாங்க" என்று முகம் சுளிப்பார்கள். இதுதான் இந்தப் பக்கத்துப் பக்குவம். மல்லி, சீரகம், மிளகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் இதையெல்லாம் வதக்கி, தேங்காயோடு சேர்த்து அரைத்துக் கூட்டிய குழம்பு. கறி வெந்த சாறு அதில் இறங்கியிருக்கும். கெட்டியாக்க முந்திரியோ கிரீமோ சேர்ப்பதில்லை. முதல் கை சாதத்தைக் கறி இல்லாமல், வெறும் குழம்போடு பிசைந்து சாப்பிடுங்கள். மல்லி வாசம் முதலில் வரும், மிளகுக் காரம் தொண்டையில் கடைசியாக வரும். பரிமாறுகிற அண்ணன் "இன்னுங்கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள். கோழிக்குழம்பு, ஆட்டுக்கறிக் குழம்பு, மீன் குழம்பு என்று வாளி வாளியாக வரும். அவை பெரும்பாலும் சாப்பாட்டு விலைக்குள் அடக்கம்.

அப்புறம் ரசம். எல்லாரும் அவசரமாகக் கடந்து தயிருக்குப் போகிற இடம். கோழி ரசமோ, மல்லி, மிளகு, சீரகம் மாதிரி செலவுச் சாமான்களை அரைத்து வைக்கிற செலவு ரசமோ, பச்சைப்புளி ரசமோ இருந்தால் ஒரு டம்ளரில் தனியாகவே வாங்கிக் குடிக்கலாம். பச்சைப்புளி ரசத்தை அடுப்பில் ஏற்றுவதே இல்லை. புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், மிளகாய், சீரகம், கொத்தமல்லியைக் கையால் கசக்கிச் சேர்ப்பதோடு சரி. வெயில் நாளில் கறிச்சோற்றுக்கு அப்புறம் இதைவிட இதமானது எனக்குத் தெரியாது.

(காட்சி: காவிரிப் பாலம், அக்கரையில் பள்ளிபாளையம்.)

ரெண்டாம் நாள் ஈரோட்டுக்கு வாருங்கள். கோவையிலிருந்து 100 கிலோமீட்டர், ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம், பள்ளிபாளையம். மெனு கார்டில் எல்லா ஊரிலும் இடம் பிடித்துவிட்ட பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பெயர் கொடுத்த ஊர்.

இந்தப் பெயரில் பரிமாறப்படுகிற பலதும் வேறு ஏதோ வறுவல்தான். எப்படிக் கண்டுபிடிப்பது? கோழியை எலும்போடு ரொம்பச் சின்னத் துண்டாக வெட்டியிருக்கணும். கோழிக்கு ஈடாகச் சின்ன வெங்காயம் கிடக்கணும். வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டுப் போட்டிருப்பார்கள். விதை போய்விட்டதால் மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில் இறங்கும், காரம் கொல்லாது. மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை, நிறையத் தேங்காய்ச் சில்லு. மல்லித்தூளும் கரம் மசாலாவும் பழைய முறையில் கிடையாது. தட்டில் வரும்போது கோழித் துண்டு மினுமினுப்பாகத் தெரியணும். பழுப்பு நிறத்தில் திக்கான மசாலா பூசிக்கொண்டு வந்தால், நன்றாக இருந்தால் சாப்பிடுங்கள், ஆனால் அது பள்ளிபாளையம் இல்லை. தேங்காய்ச் சில்லைக் கோழியோடு சேர்த்து மெல்லுங்கள். அந்த இனிப்பு வரும்போதுதான் இந்தச் சமையலில் தூள் எதுவும் ஏன் தேவைப்படவில்லை என்பது புரியும்.

ஈரோட்டுக்குப் போகிற வழியில் பெருந்துறை பக்கம் சீனாபுரத்தில் 'யுபிஎம் நம்ம வீட்டு சாப்பாடு' இருக்கிறது. நீள இலையில் வகை வகையாகக் கறி வைத்துப் பரிமாறுகிற இடம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் அரை வயிற்றோடு போவது நல்லது. ஆற்று மீன், அணை மீன் பிரியர்கள் பவானிசாகர் பக்கம் போனால் அணைக்கு அருகே சுடச்சுடப் பொரித்துத் தருவார்கள்.

(காட்சி: அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய் உருகுவது.)

இனி நான் சொல்ல வருவது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். கொங்குச் சமையல் என்றால் கறிதான் என்று வெளியில் ஒரு பெயர் ஆகிவிட்டது. ஹோட்டல்காரர்களும் போர்டில் ஆட்டுத்தலையும் சேவலும் வரைந்து அதையே உறுதிப்படுத்திவிட்டார்கள். ஆனால் இங்கே வீடுகளில் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அடுப்பில் இருப்பது பருப்பு. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு தாளித்து வேகவைத்த அரிசிம்பருப்பு. நெய், தயிர், ஒரு அப்பளம் இருந்தால் போதும். கொள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த தண்ணீரை இறுத்தால் ரசம். வெந்த கொள்ளை வெங்காயம், சீரகத்தோடு அரைத்தால் சோற்றுக்குப் பருப்பு. ஒரே சட்டியில் ரெண்டு வேலை. பச்சைப்பயறு கடைசல், ராகிக்களி, கம்மஞ்சோறு, விசேஷத்துக்கு ஒப்பட்டு (போளி), இவையெல்லாம் மெனு கார்டில் கடைசிப் பக்கத்தில்கூட இருப்பதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். மெஸ்ஸுக்குள் போனதும், "அரிசிம்பருப்பு இருக்குங்களா? கொள்ளு ரசம் இருக்குங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பரவாயில்லை, கேட்டுவிட்டு வாருங்கள். மேசையில் தினம் பத்துப் பேர் கேட்டால் மறுவாரம் சமையல்கட்டில் ஒரு சட்டி ஏறும். சில மெஸ்களில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுவார்கள். எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு ஆகும்.

(காட்சி: மாலை, தள்ளுவண்டி. தோசைக்கல்லில் செக்கச் சிவந்த மசாலா.)

மாலை நேரத்துக்குக் காளான். கோவைத் தள்ளுவண்டிகளின் அடையாளம். காளானையும் முட்டைக்கோஸையும் மாவில் புரட்டிப் பொரித்து, அதை மசாலாவில் போட்டுக் கொத்தி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். காளானைவிடக் கோஸ் கூடுதலாக இருக்கும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூட்டம் நிற்கிற வண்டியில், கண்ணெதிரே பொரித்துப் போடுவதை வாங்குங்கள். கரூர் பக்கம் போனால் பொரியில் காய்த்துருவலும் சட்னியும் கலந்த கரம், சேலத்தில் தட்டுவடைகளுக்கு நடுவில் காய்த்துருவலும் சட்னியும் வைத்த தட்டுவடை செட். ரெண்டும் சின்னப் பசிக்கு.

டீ குடிக்கணும் என்றால் இங்கே பேக்கரிக்குப் போகணும். மூலைக்கு மூலை பேக்கரி, வாசலில் டீ மாஸ்டர், உள்ளே தேங்காய் பன்னும் பப்ஸும். ஊருக்கு வாங்கிப் போக மைசூர்பா. ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் 1948-ல் கோவையில் தொடங்கிய கடை, நெய்யில் வாயில் கரைகிற அந்த மைசூர்பாவால் பெயர் வாங்கியது.

(காட்சி: ஞாயிற்றுக்கிழமை மெஸ் வாசல், காத்திருக்கும் கூட்டம்.)

கிளம்புவதற்கு முன் நேரக் கணக்கு. மெஸ்களுக்கு மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ரெண்டு மணிக்கு மேல் குடலும் ஈரலும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், மூன்றரைக்குச் சாப்பாடே முடிந்திருக்கும். ஞாயிறு மதியம் காத்திருக்கத்தான் வேண்டும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி கிடையாது, அதனால் அசைவ மெஸ்களில் கூட்டம் குறைவு, சிலர் வகைகளையும் குறைத்துவிடுவார்கள். நிதானமாக உட்கார்ந்து, பரிமாறுகிறவரோடு பேசிக்கொண்டே சாப்பிட நினைப்பவர்களுக்கு வார நாள்தான் தோது. சின்ன மெஸ்களில் கார்டு ஓடாது, ஜிபே இருக்கும், ஆனாலும் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளியை ஒட்டி வருவதாக இருந்தால், சமையல்காரர்கள் ஊருக்குப் போய்ப் பல கடைகள் நாலைந்து நாள் பூட்டியிருக்கும். போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்க.