ஜூன் பதினைந்து, குன்னூர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஜூன் 15. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்திருப்பீர்கள். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் வழக்கம்போல இருக்கும். சில காலண்டர்களில் அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள்: இன்னார் பிறந்த நாள், இன்னார் மறைந்த நாள் என்று. அந்த ஒரு வரிக்காகவே காலண்டர் வாங்கியவள் நான். குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். தினமும் முதல் வகுப்பில் கரும்பலகையின் வலது மூலையில் அந்த வரியை எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

அப்படி எழுதியதில் பாதிக்கு மேல் பிள்ளைகளிடம் ஒட்டவே இல்லை. எங்கோ ஒரு போர், எங்கோ ஒரு முடிசூட்டு விழா. காலையில் எழுதுவேன், மாலையில் அழித்துவிட்டுப் போவார்கள். ஆனால் இந்த மலையில் நடந்த ஒன்றை எழுதினால் அன்றைக்கு வகுப்பே வேறு மாதிரி இருக்கும். "டீச்சர், அது எங்க வீட்டுக்குப் பின்னாடிதான்" என்று யாராவது ஒருவன் எழுந்து நிற்பான். ஒரு தேதி மனதில் தங்க வேண்டுமென்றால் அது நடந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஜூன் 15. 1899-ஆம் ஆண்டு இதே நாளில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கும் 111 வருடம் முன்னால், 1788-இல், இதே ஜூன் 15 அன்று லண்டனில் ஜான் சல்லிவன் பிறந்தார். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், 1819-இல் இந்த மலைக்கு ஏறி வந்தவர், ஊட்டியை ஓர் ஊராக்கியவர். இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தாளைக் கிழிக்கும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் சிலிர்க்கும்.

ரயிலைப் பற்றி நான் கரும்பலகையில் ஒரு தடவை தப்பாக எழுதிவிட்டேன். "அக்டோபர் 15, 1899: மலை ரயில் ஊட்டிக்கு வந்த நாள்" என்று. மறுநாள் காலை ஒரு பையன் தன் தாத்தாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர் அந்த ரயிலிலேயே பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. குன்னூருக்கு வண்டி வந்தது ஒண்ணு, ஊட்டிக்கு வந்தது ஒண்ணு. நடுவுல ஒம்பது வருசம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. குன்னூருக்கு 1899 ஜூன் 15. ஊட்டிக்கு 1908 அக்டோபர் 15. அந்த ஒன்பது வருடமும் குன்னூரில் இறங்கியவர்கள் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் பிடித்துத்தான் ஊட்டிக்குப் போனார்கள்.

அவரை அப்படியே வகுப்பின் முன்னால் உட்கார வைத்தேன். நான் ஒரு வாரம் பாடம் எடுத்திருந்தாலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகியிருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நம் வண்டியில் இன்ஜின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. அதனால் முதல் பெட்டியின் முகப்பில் வெளியே நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். யானை நிற்கிறதா, பாறை விழுந்து கிடக்கிறதா என்று பார்த்துக் கொடி காட்டுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் கையால் சுற்ற வேண்டும். தாத்தா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு, வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் கரையவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அங்கே பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம் ஏறியாக வேண்டும். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்கு வந்து சேர்கிறது. யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் ஒரு 15-ஆம் தேதிதான், 2005 ஜூலை 15. அந்தப் பதினாறு குகைகளையும் குடைந்தவர்களின் பிறந்த நாளும் இறந்த நாளும் எந்தக் காலண்டரிலும் கிடையாது. குகைக்குள் போகும்போது பிள்ளைகள் எல்லாம் "ஓ" என்று கத்துவார்கள் இல்லையா, எனக்கு அந்த நேரத்தில் அவர்கள் நினைப்பு வரும்.

சல்லிவனைத் தேடிப் போக வேண்டுமானால் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு இருக்கிறது. அவர் இருந்த பெத்தக்கல் பங்களா அங்கே நினைவு இல்லமாக நிற்கிறது. இன்னொரு இடமும் உண்டு, ஊட்டி புனித ஸ்தேவான் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். 1829 ஏப்ரல் 23-இல் அடிக்கல் நாட்டி, 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று மக்களுக்குத் திறந்த கோயில் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த மரம்தான் அதன் உத்தரம். பின்புறச் சரிவில் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். இருவரும் 1838-இல் போனவர்கள். சல்லிவன் சீமைக்குத் திரும்பி, 1855 ஜனவரி 16-இல் அங்கேயே காலமானார். நாம் பொங்கல் கொண்டாடி முடிக்கும் நாள் அது. குடும்பத்தை இந்த மலையில் விட்டுவிட்டுப் போன மனிதர் என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அவர் வெறும் கலெக்டராகத் தெரியாமல் ஆளாகத் தெரிந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சல்லிவன் "கண்டுபிடித்த" மலை என்று எழுதுவதை நான் வகுப்பில் அனுமதித்ததில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லோரும் இங்கே வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். தோடர்களின் பெயர் 1117-ஆம் ஆண்டின் ஒய்சளர் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவர்களுக்கும் நாள் கணக்கு உண்டு, ஆங்கிலத் தேதியில் அது அடங்காது. கோத்தர்கள் தங்கள் பெரிய பண்டிகையைப் பிறை பார்த்து ஒரு திங்கட்கிழமையில் தொடங்குகிறார்கள். படுகர்களுக்கும் திங்கள்தான் விசேஷம். ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை விடுவது உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் தேதி மாறும், ஆனால் வெள்ளை முண்டும் வேட்டியும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் யாரும் நாளைத் தவறவிட்டதில்லை.

அடுத்து ஏப்ரல் 6. இந்தத் தேதியைக் குன்னூரில்கூடப் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. 1907 ஏப்ரல் 6-இல் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிலையம் வேலையைத் தொடங்கியது. அதற்கு ஐந்து வருடம் முன்னால் ஓர் இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது வைத்தியம் வேண்டுமென்றால் வடக்கே இமயமலைச் சாரலில் கசௌலிக்குப் போக வேண்டும். தென்னாட்டில் ஓர் இடம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து கட்டடம் எழுந்தது. நாய் கடித்தவர்களைச் சொந்தக்காரர்கள் ரயிலேற்றிக் குன்னூருக்குக் கூட்டி வருவார்கள். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயந்து சொல்வார்களே, அந்தப் பழைய மருந்து இங்கே தயாரானது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. லூயி பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28-ஐத்தான் உலக வெறிநாய்க்கடி தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வகுப்பில் நான் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவு, அதே நாளில் ஊசிக்குப் போ. இந்த வரியை மட்டும் மாலையில் அழிக்க விடமாட்டேன்.

அதே நிலையத்தின் வளாகத்தில்தான் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு எது உடம்புக்கு நல்லது என்று பார்த்தார். தீட்டிய அரிசியையே நம்பியிருந்த நம் பக்கத்துச் சாப்பாடு அதில் பின்தங்கிப் போனது. 1958-இல் அந்த ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

பழனி மலை நம் மாவட்டம் இல்லை. இருந்தாலும் ஜனவரி 5-ஐ விட மனம் வரவில்லை. 1909-இல் அந்த நாளில் கோடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனில் கருப்பாகத் தெரியும் அந்தப் புள்ளியைச் சுற்றி அரை நிழல்போல ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று ஒளியின் நிறமாலைக் கோடுகள் விலகுவதை வைத்துக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். அந்த ஆய்வகம் 1899-இல் வேலையைத் தொடங்கியது, நம் ரயில் குன்னூருக்கு வந்த அதே ஆண்டு. தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்த பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என எழுந்த எண்ணம் அதற்கு ஒரு காரணம். 1904-லிருந்து வானம் திறந்திருக்கும் நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வைக்கிறார்கள். ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, "அப்போ சூரியனுக்கும் தினசரி காலண்டர் இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

அப்புறம் நம் வெலிங்டன். 2008 ஜூன் 27-இல் பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா அங்கே ராணுவ மருத்துவமனையில் கண்ணை மூடினார். அமிர்தசரஸில் பிறந்தவர், குன்னூர்வாசியாகவே முடிந்தார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

2021 டிசம்பர் 8-ஐ நான் விவரிக்கத் தேவையில்லை. காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் இறந்தார்கள். பதினான்காவது ஆளான வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் போனார். காலண்டர் வரியில் தளபதியின் பெயர் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் குடத்தில் தண்ணீரும் வீட்டிலிருந்த போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடினார்களே அந்த ஊர்க்காரர்கள், அவர்களையும் அதே வரியில் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு நாள் இருக்கிறது. 2009 நவம்பர் 10. ஐப்பசி மழை. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மலை பல இடங்களில் சரிந்தது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். ரயில் பாதை மூடிப்போனது. அடுத்த வருடம் அந்த நாள் வந்தபோது, எழுதுவதா வேண்டாமா என்று சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு கரும்பலகை முன்னால் நின்றேன். கேத்திப் பக்கமிருந்து படிக்க வந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள். தேதியை எழுதினாள். அதற்குக் கீழே "எங்கள் பக்கத்து வீடு" என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு மாலை கரும்பலகையை யாரும் துடைக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்றைய வண்டி இந்நேரம் மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பிக் கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறிக்கொண்டிருக்கும். ஹில்குரோவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பத்தரை மணி வாக்கில் குன்னூருக்கு வரும். அங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். இன்ஜினைப் பார்த்து முடித்ததும் முதல் பெட்டியின் முகப்புக்குப் போய், கொடியோடு இறங்கி வருகிறவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.