சொல்லே, நீ எந்தக் கோயில்?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் 30 வருஷத்துக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் சாயங்காலமானால் நாலைந்து பிள்ளைகள் புத்தகப் பையோடு எங்கள் முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "டீச்சர் ஆச்சி" என்பது அவர்கள் எனக்கு வைத்த பெயர்.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் லீவு லெட்டர் எழுதிக்கொண்டு வந்தான். "ஸ்டமக் ஏக்", அதாவது வயிற்றுவலி என்று காரணம். எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "ஸ்டொமாச் ஆச்சே" என்றான். "என்னடா ஆச்சு?" என்று நான் கேட்டதும் திண்ணையே சிரித்தது.

அவன் மேல் தப்பே இல்லை. சேர் என்னும் நாற்காலியில் சி, ஹெச் இரண்டும் சேர்ந்தால் 'ச்'. அதே இரண்டு எழுத்து ஸ்டமக்கில் 'க்'. மெஷினில் 'ஷ்'. பிள்ளை எதைத்தான் நம்புவான்?

நம்முடைய 'ச'வும் பச்சையில் ஒரு மாதிரி, பசியில் ஒரு மாதிரி, மஞ்சளில் ஒரு மாதிரி ஒலிக்கத்தானே செய்கிறது? ஆனால் அது சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும், நாக்கு தானாகத் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும். இங்கே நகரத்தார் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது, "எந்தக் கோயில்?" என்றுதானே முதலில் கேட்பார்கள்? இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது குலக்கோயில்கள், ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது. சி-ஹெச் சொற்களுக்கு மூன்று கோயில் தெரிந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

முதலாவது, உள்ளூர்க் கோயில். சைல்டு, குழந்தை. சின், முகவாய். சீக், கன்னம். சூஸ், தேர்ந்தெடு. நம் செட்டிநாட்டுப் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிக்கனும் இந்த வகைதான். வீட்டுக்குள் புழங்கும் பழைய சொற்கள், எல்லாம் 'ச்'.

இரண்டாவது கிரேக்கம். அங்கே 'கை' என்று ஓர் எழுத்து உண்டு. ரோமானியர்கள் அதை சி-ஹெச் என்று எழுதினார்கள், ஆகவே 'க்'. எக்கோ என்றால் எதிரொலி. கேயாஸ், பெருங்குழப்பம். க்ரானிக், நாள்பட்ட நோய்க்குச் சொல்வது. ஸ்டமக், இரைப்பை. ஸ்கூலும் இந்தப் பக்கம்தான், மூலச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஓய்வு நேரம் என்று பொருள். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்! கெமிஸ்ட்ரிக்கும் இதே 'க்'. 1953இல் திறந்த நம் ஊர் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியின் முழுப் பெயரில் எலக்ட்ரோகெமிக்கல் வருகிறதே, அதிலும் இதே சி-ஹெச்தான். அப்புறம், இந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஆர் நின்றால் அநேகமாக 'க்' என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூன்றாவது பிரெஞ்சு. இதில்தான் சுவாரசியம். பழைய பிரெஞ்சில் சி-ஹெச்சுக்கு 'ச்' ஒலி இருந்தது. அந்தக் காலத்திலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்ட சேர், சீஃப் எல்லாம் பழைய ஒலியோடு தங்கிவிட்டன. பிற்பாடு பிரெஞ்சுக்காரர்கள் 'ஷ்' என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்தவை ஷெஃப், ப்ரோஷர், பாராஷூட். சீஃப், தலைவர். ஷெஃப், சமையல் மாஸ்டர். இரண்டும் ஒரே சொல்! தலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தவை, பல நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு தடவை கப்பல் ஏறியிருக்கின்றன. நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் தொங்கும் சரவிளக்குக்கு ஷாண்டலியர் என்று பெயர். அதுவும், மெழுகுவத்தியான கேண்டிலும் ஒரே லத்தீன் வேர்.

மெக்கானிக்கும் மெஷினும் இப்படித்தான், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்த ஊர் கிரேக்கம். மெஷின் மட்டும் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததால் 'ஷ்' ஒட்டிக்கொண்டது. பர்மா போன அண்ணனும் மலேயா போன தம்பியும் ஊர் திரும்பிப் பேசினால் பேச்சில் வித்தியாசம் தெரியும் அல்லவா, அது மாதிரி.

சரி, அந்தப் பையனின் 'ஆச்சே' என்ன ஆச்சு? வலியைச் சொல்லும் ஏக் கிரேக்கமே இல்லை, அசல் ஆங்கிலச் சொல். வினையாக வரும்போது முன்பெல்லாம் கே போட்டு எழுதினார்கள். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதைக் கிரேக்க வழி என்று தவறாக நினைத்துவிட்டார். இன்று சி-ஹெச் நிலைத்திருப்பதற்கு அதுதான் பெரிய காரணம். ஆக, கோயில் மாற்றி எழுதியவர் பெரிய பண்டிதர், திட்டு வாங்குவது ஏழாம் வகுப்பு.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கடைசியாகக் கரும்பலகையில் ஒரு சொல் எழுதினேன். சி-ஹெச்சில் ஆரம்பம். ஷெரூட் என்று படிக்க வேண்டும். இரண்டு முனையும் திறந்திருக்கும் புகையிலைச் சுருள் என்று பொருள் சொன்னேன். "ஷ் வருதே, பிரெஞ்சுக் கோயிலா ஆச்சி?" என்றாள் ஒரு பெண். வயிற்றுவலிக்காரன் அதற்குள் இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டான்.

"ஆச்சி, இது நம்ம சுருட்டுதானே?"

அவனேதான் கண்டுபிடித்தான். வணக்கம்.