ஆதிமூலத்தின் கத்தி முனை

அவையோருக்கு வணக்கம். கோடு போட வராதவர்தான் அரூப ஓவியத்துக்கு, அதாவது உருவமில்லாத ஓவியத்துக்குப் போகிறார் என்று ஒரு பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1938இல் துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து சிற்பி தனபால் வழிகாட்ட, கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த ஓவியப் பள்ளியில் 1960இல் சேர்ந்தார். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் அவர் வரைந்த காந்தி வரிசையே அவருடைய கைக்குச் சாட்சி.

அப்பேர்ப்பட்டவர் பிறகு எண்ணெய் வண்ணத்தில் உருவத்தையே கைவிட்டார். மனிதரில்லை, மரமில்லை, நிலமும் நீரும் வானமும் நினைவுக்கு வரும் வண்ணப் பரப்புகள் மட்டும். கோடு எங்கே போயிற்று? என் கணக்கில், இரண்டு வண்ணங்கள் முட்டிக்கொள்ளும் விளிம்புக்குள் போய்விட்டது. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம் என்பதெல்லாம் பாடநூல் வாய்ப்பாடு. அதே நீலம் கூரான விளிம்போடு நின்றால் ஒரு மனநிலை, அடியிலிருக்கும் காவி தெரியச் சுரண்டப்பட்டு நின்றால் வேறொன்று.

இங்கே இருக்கும் மாணவர்களுக்காக, எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் இழுத்துச் சுரண்டி அப்படிப்பட்ட விளிம்புகளைக் கொண்டுவரும் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடித்தளப் பூச்சு) பூசிய கேன்வாஸில் முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லியதாக இருக்கட்டும். இதற்கு அம்பர் என்ற பழுப்பு வண்ணம் நல்லது, சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு அடியில் வேண்டாம், அது காய நாளாகும். அடிப்பூச்சு விரலில் ஒட்டாத பிறகே பேலட் கத்தியை, அதாவது வண்ணம் குழைக்கும் மெல்லிய தட்டைக் கத்தியை எடுங்கள். கத்தியைப் படுக்கவைத்து இழுத்தால் வழுவழுப்பான பரப்பு வரும், நிமிர்த்தினால் சுரண்டும். மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே சுரண்ட வேண்டும். அடியும் ஈரமாக இருந்தால் இரண்டும் கலந்து சேறாகும். ஆரஞ்சும் நீலமும் போல எதிரெதிர் வண்ணங்கள் என்றால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். பெரும்பாலான படங்கள் கெடுவது இந்த இடத்தில்தான்: ஒரே இடத்தில் கத்தி நாலு தடவை போய்விடுகிறது.

பூச்சுக்கு மேல் பூச்சாகப் போகப்போக வண்ணத்தில் எண்ணெய்ச் சத்து கூடிக்கொண்டே வர வேண்டும். தலைகீழாகப் போனால், மேல்பூச்சு முதலில் இறுகி, அடிப்பூச்சு பிறகு காயும்போது வெடிக்கும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாகிறாற்போல் உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே தடித்த பூச்சில் மேலே தோல் கட்டி உள்ளே பல மாதம் ஈரம் நிற்கும். அவசரப்பட்டுச் சென்னை வெயிலில் வைத்தால் அந்தத் தோல் சுருங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கேன்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைக்காதீர்கள், முதுகில் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். தடித்த படத்துக்கு ஒரு வருடம்.

இதெல்லாம் கைபேசிப் படத்தில் தெரியாது. கண்காட்சியில் கேன்வாஸுக்கு நேர் எதிரே நின்று ‘இது என்ன?’ என்று கேட்பதற்குமுன், பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள். எந்த வண்ணம் முதலில் விழுந்தது, கத்தி எந்தப் பக்கம் இழுத்தது, எங்கே கை நின்றது என்று வரிசையாகத் தெரியும்.