ஏரோது இல்லாத குடில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பங்கு மக்களே, வணக்கம்.

"கிறிஸ்து பிறப்பு நம் விசுவாசத்துக்குத் தருவது ஆறுதலா, கேள்வியா?" என்பது தலைப்பு. கேள்வியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, வானதூதர் இடையர்களிடம் முதலில் சொன்னதே "அஞ்சாதீர்கள்" என்பதுதான், அதைவிட என்ன ஆறுதல் வேண்டும் என்று கேட்டார். நானும் கைதட்டினேன். ஆனால் போகிற போக்கில், "செக்கரியா கேள்வி கேட்டார், பேச்சே நின்றுபோனது, எதிரணி ஜாக்கிரதை" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள்!

சரி, அங்கேயே தொடங்குகிறேன். செக்கரியா திருமுழுக்கு யோவானின் அப்பா; முதிர்ந்த வயதில் பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் சொன்னதை நம்பாமல் கேள்வி கேட்டவர். அந்தக் கதை வரும் அதே லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில், தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கேட்ட மரியாவும்தான் கேட்கிறார், "இது எப்படி நிகழும்?" என்று. பேச்சு நின்றதா? பதில் கிடைத்தது. செக்கரியாவுக்கும் நாக்கு அவிழ்ந்ததும் பாட்டு வந்தது. அந்தப் பாட்டைத் திருச்சபை இன்றைக்கும் தினமும் காலை செபத்தில் சொல்கிறது. கேள்வி கேட்டு யாரும் கெட்டுப்போகவில்லை, சகோதரி.

இப்போது நம் கோயில் குடிலுக்கு வாருங்கள். பசங்கள் வைக்கோல் வேய்ந்திருக்கிறார்கள். தட்டில் கேழ்வரகு முளைக்கப்போட்டுப் பச்சைப்புல் ஆக்கியிருக்கிறார்கள். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு மாடு, ஞானிகள் மூவர், கால் உடைந்து ஃபெவிகாலில் நிற்கும் ஒட்டகம், எல்லாம் இருக்கிறது. பாலன் இயேசுவைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோது எங்கே? எந்தக் கடையிலும் குடில் செட்டில் ஏரோது பொம்மை வைத்து விற்று நான் பார்த்ததில்லை. விற்றாலும் யார் வாங்குவார்கள்? ஆனால் நற்செய்தி எழுதிய மத்தேயு அவனை விடவில்லை. பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை வெட்டச் சொல்கிறான். சூசையப்பர் இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அந்த இடத்தில் மத்தேயு, பழைய இறைவாக்கிலிருந்து ராகேலின் அழுகையைக் கொண்டுவந்து வைக்கிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய் ஆறுதல் பெற மறுக்கிறாள். நடுவர் அவர்களே, எதிரணி இவ்வளவு நேரம் விற்ற சரக்கை, கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே ஒருத்தி வாங்க மறுக்கிறாள்!

திருச்சபையும் இதை மறைக்கவில்லை. 25 பாலன் பிறப்பு. 26 கல்லடிபட்டுச் செத்த ஸ்தேவான். 28 ஏரோது வெட்டச் சொன்ன அந்த மாசில்லாக் குழந்தைகள். நாம்தான் 25இல் கேக் வெட்டியதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம் டெல்டாவிலோ இந்தத் தேதிகளுக்கு வேறு நினைவும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு. வேளாங்கண்ணிக்கு அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். அவர்கள் நம் கோயிலைச் சேர்ந்தவர்கள் இல்லையே என்று யாராவது சொன்னால், பெத்லகேம் குழந்தைகள் மட்டும் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்களா? "பசித்தோரை நலன்களால் நிரப்பியுள்ளார்" என்று மரியா பாடியதை மாலை செபத்தில் சொல்கிறவன், அரைப்படி நெல்லைத் தாண்டிப் போக முடியுமா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் சுனாமியில் போனார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் பூசை பார்த்துவிட்டுத் தங்கியிருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று நம்மில் பலர் சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். எனக்கு அது தொண்டையில் நிற்கிறது. கரையில் நின்றவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே?

இப்படிக் கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கடவுள் இல்லை என்கிறவனுக்கு இதில் கேள்வியே கிடையாது. கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது, அலை வந்தது, அவ்வளவுதான். "ஏன் ஆண்டவரே?" என்று கேட்பதற்கு முதலில் ஓர் ஆண்டவர் வேண்டும். நான் இந்தக் கேள்வியோடுதான் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறேன். பதில் கிடைத்த பிறகு போகலாம் என்றால் ஆயுசுக்கும் கோயில் வாசல் மிதிக்க முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அண்ணனுக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் ஆறுதலை எடுத்துக்கொண்டு ராகேலிடம் போங்கள் அண்ணே. அவள் வாங்கிக்கொண்டாளா இல்லையா என்பதை நடுவரிடம் வந்து சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.